சப்பாணி கொட்ட முதுகு வேண்டும்

பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிற பாட்டிமார், மூன்றாம் மாதம் முடிந்துவிட்டால், தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “கழுத்து நின்னுடுச்சா?” எடை எவ்வளவு, யார் சாடை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். தலை நின்றால்தான் கண் ஒரு பொருளில் நிலைக்கும். கண் நிலைத்தால்தான் கை அதைத் தேடிப் போகும். எந்த மருத்துவ நூலையும் படிக்காதவர்கள் நரம்பியலின் அடிப்படைக் கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

தமிழ்ப் புலவர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழின் பருவங்களை வரிசையாக எடுத்து வைத்தால், குழந்தை மருத்துவரின் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டவணை போலவே இருக்கும். ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றி, தலை நிமிர்த்திக் குழந்தை ஆடுவது. ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி: உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. ஓராண்டு நிறைந்ததும் வருகை: தளர்நடை. செங்கீரையில் தரையை விட்டு எடுக்க முடியாத கைகள் சப்பாணியில் விடுபட்டுவிட்டதைக் கவனிக்க வேண்டும். இடைப்பட்ட நான்கு மாதங்களில் முதுகும் இடுப்பும் உடம்பைத் தாங்கும் வேலையை எடுத்துக்கொண்டன. அதனால்தான் கைகள் கொட்டுகின்றன.

முதுகும் இடுப்பும் அந்த வேலையைச் சரிவர எடுத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். மூளை முடக்குவாதம் என்பது அரசு ஆவணங்களில் உள்ள பெயர். தெரபி மையங்களிலும் பெற்றோர் பேச்சிலும் ‘சி.பி.’ என்றே வழங்குகிறது. வளமான நாடுகளின் பதிவேடுகளின்படி, உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய இருவருக்கு இது வருகிறது. பன்னாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்து 2007-இல் வெளியிட்ட வரையறையின் சாரம் இது: கருவிலோ குழந்தைப் பருவத்திலோ, வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பால் அசைவிலும் உடலைத் தாங்கிப் பிடிப்பதிலும் நிலைத்துவிடும் கோளாறு. மூளையில் உள்ள பாதிப்பு பிறகு பெருகுவதில்லை.

அசைவு, தாங்குதல் என்ற இந்த இரண்டில் பார்ப்பவர் கண்ணில் படுவது முதலாவது மட்டுமே. கால் இழுக்கிறது, கை முறுக்கிக்கொள்கிறது, வாய் கோணுகிறது என்று சொல்வார்கள். அதற்கு அடியில் ஓயாமல் நடக்கும் தாங்கும் வேலை யாருக்கும் தெரிவதில்லை. மொழிக்குள்ளேயே இதற்கு ஒரு சான்று கிடக்கிறது. உட்கார்ந்த குழந்தையின் கைத்தட்டலைக் குறித்த ‘சப்பாணி’, வழக்கில் நடக்க முடியாதவரைக் கேலி செய்யும் சொல்லாகவும் ஆகிவிட்டது. உட்காரத் தெரிந்ததைக் கொண்டாடிய சொல்லையே நடக்காததற்கு ஏச்சாக மாற்றியிருக்கிறோம். சி.பி. உள்ள பிள்ளைகளின் சிகிச்சையிலும் வெகுகாலம் இதே தவறு நடந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

நெரிசலான நகரப் பேருந்தில் நடத்துநர் டிக்கெட் கிழிக்கும்போது, இருக்கையின் ஓரத்தில் இடுப்பைச் சாய்த்துக் கால்களை அகற்றி வைத்துக்கொள்கிறார். வண்டி வளைவில் திரும்பும்போது அவர் உடம்பு முன்கூட்டியே வளைவின் உட்பக்கம் சாய்கிறது. அதைப் பற்றி அவர் யோசிப்பதே இல்லை. இடுப்பு உடம்பைப் பார்த்துக்கொள்வதால்தான் சில்லறை எண்ண இரண்டு கைகளும் அவருக்கு மிஞ்சுகின்றன. அதே வண்டியில் புதிதாக ஏறிய ஒருவர் கம்பியை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, பையிலிருந்து காசை எடுக்க முடியாமல் தவிப்பார். சி.பி. உள்ள பல பிள்ளைகளின் உடம்பு நாள் முழுக்க அந்தப் புதிய பயணியின் நிலையில்தான் இருக்கிறது, நிற்கிற வகுப்பறையிலும் அசையாத தரையிலும் கூட.

உடம்பு முன்கூட்டித் தயாராவதை 1967-இல் மாஸ்கோ ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். நின்றுகொண்டிருப்பவரை ஒரு கையைச் சட்டென்று முன்னால் உயர்த்தச் சொன்னார்கள். தோள் தசை இயங்குவதற்கு முன்பே, ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கு நேரம் முந்தி, தொடையின் பின்புறத் தசை வேலையைத் தொடங்கியிருந்தது. உயரும் கையின் எடை உடம்பை முன்னால் இழுக்கும் என்பது மூளைக்குத் தெரியும். எனவே கையை அனுப்பும் முன் காலுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறது. ஒரு டம்ளர் தண்ணீரை எடுப்பதிலும், கரும்பலகையைப் பார்க்கத் திரும்புவதிலும், ஒரு சொல்லை உரக்கச் சொல்வதிலும் இந்த முன்னேற்பாடு உண்டு.

இந்த ஏற்பாடு சி.பி.யில் எங்கே பிசகுகிறது? 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லூயிஸ் நாஷ்னரும் ஆன் ஷம்வே-குக்கும், திடீரென்று நகரக்கூடிய ஒரு மேடையில் பிள்ளைகளை நிற்க வைத்துத் தசைகளின் மின்சைகைகளைப் பதிவு செய்தார்கள். மேடை பின்னால் இழுபடும்போது பொதுவாகக் கணுக்காலில் தொடங்கி மேல்நோக்கித் தசைகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும். விறைப்புள்ள காலில் இந்த வரிசை குலைந்திருந்தது. நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் மைனா ஹாடர்ஸ்-அல்க்ராவின் குழு, உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. முன்னால் சாய்ந்தால் முதுகுத் தசை, பின்னால் சாய்ந்தால் வயிற்றுத் தசை என்ற அடிப்படைப் பாடம் பெரும்பாலான சி.பி. பிள்ளைகளின் மூளையில் இருக்கவே செய்கிறது. நுணுக்கம்தான் வரவில்லை. சிறு தள்ளலுக்குச் சிறிதாக, பெரிய தள்ளலுக்குப் பெரிதாகப் பதில் சொல்ல அவர்களால் முடியவில்லை. எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இறுகிவிடுகின்றன. இடுப்பிலிருந்து தொடங்க வேண்டிய காரியம் பலருக்குக் கழுத்திலிருந்து தொடங்குகிறது.

இந்த இறுக்கத்தை வெறும் கோளாறாக மட்டும் பார்க்கக் கூடாது. வழுக்கும் தரையில் யாரும் உடம்பை இறுக்கிக்கொண்டுதான் நடப்பார்கள். விழாமல் இருக்க அந்தப் பிள்ளையின் மூளை கண்டுபிடித்த உபாயமும் அதில் கலந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் “உடம்பைத் தளர்த்து, ரிலாக்ஸ் பண்ணு” என்று அதட்டினால் பிள்ளை இன்னும் இறுகும்.

சிலருக்குக் கைக்குழந்தைப் பருவத்தின் அனிச்சைச் செயல்களும் விலகாமல் தங்கிவிடுகின்றன. பச்சைக் குழந்தையின் தலையை ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துக் கை நீளும், மறுகை மடங்கும். வில்லில் நாணேற்றுபவனின் தோற்றம் அது. சில மாதங்களில் மறைய வேண்டிய இந்த அனிச்சை பத்து வயதிலும் நிலைத்திருந்தால், தட்டைப் பார்க்கத் தலை திரும்பும் அதே கணத்தில் கை தட்டை விட்டு நீண்டு ஓடும். சோற்றைப் பார்த்தால் வாய்க்குக் கொண்டுவர முடியாது. வாய்க்குக் கொண்டுவர வேண்டுமானால் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்து “சிந்தாமல் சாப்பிடு” என்று சொல்லும் வீடுகள் எத்தனை!

மூளையில் எந்த இடம் பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து உடம்பின் பாடு மாறும். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு, மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகளை ஒட்டியுள்ள வெள்ளைப் பகுதி எளிதில் சேதமாகிறது. காலுக்குப் போகும் நரம்பிழைகள் அந்த அறைகளுக்கு மிக அருகில் செல்கின்றன, கைக்கானவை சற்றுத் தள்ளி. அதனால்தான் குறைமாதக் குழந்தைகள் பலருக்குக் கையைவிடக் கால் அதிகம் விறைக்கிறது. மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகள் பிராணவாயுக் குறையாலோ கடும் மஞ்சள் காமாலையாலோ கெட்டால், விரும்பாத அசைவுகள் உடம்பெங்கும் ஓடும். சிறுமூளை பாதித்தால் தள்ளாட்டம். சி.பி. உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் விறைப்பு வகையினர்.

காரணம் என்ன என்ற வழக்கு 150 ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், பிரசவக் கோளாறே பிள்ளையின் விறைப்புக்குக் காரணம் என்று 1861-இல் மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் வாதிட்டார். இளம்பிள்ளை வாதத்தால் கால் வளைந்து, அதை அறுவை சிகிச்சையால் சரிசெய்துகொண்டவர் அவர். மனப் பகுப்பாய்வுக்குப் பெயர் வாங்குவதற்கு முன் நரம்பு மருத்துவராக இருந்த சிக்மண்ட் ஃப்ராய்ட் 1897-இல் மறுத்தார். பிரசவம் சிக்கலானதே கருவில் முன்பே ஏற்பட்ட குறையின் அறிகுறியாக இருக்கலாம் என்றார். பல பத்தாண்டுகள் அவர் பேச்சு எடுபடவில்லை. 1980-களில் அமெரிக்காவின் பெரிய பிரசவ ஆய்வுகள் அவர் பக்கம் சாய்ந்தன: பிறப்பு நேர மூச்சுத்திணறல் மட்டுமே காரணம் என்று சொல்லத்தக்கவை சிறு பங்குதான்.

இந்த வழக்கு சென்னைக்கும் வந்தது. பிரசவத்தில் மூச்சுத்திணறிய குழந்தையின் உடம்பை 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைப்பது மேலை நாடுகளில் மூளையைக் காக்கும் சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் இதைச் சோதித்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021-இல் வெளியானது. சென்னையின் அரசு மருத்துவமனைகளும் அதில் இருந்தன. குளிர்வித்ததால் பயன் இல்லை, இறப்பு கூடியது என்பதே முடிவு. பணக்கார நாட்டின் சிகிச்சையை இங்கே அப்படியே இறக்கிவைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை. எந்தத் தாயும் “நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன்” என்று தன்னை நொந்துகொள்ள அறிவியலில் இடமில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

டப்ளின் நகரில் 1932-இல் பிறந்த கிறிஸ்டி பிரவுனின் வாழ்க்கை, அசைவுக்கும் தாங்குதலுக்கும் உள்ள இழுபறியைக் கண்முன் நிறுத்துகிறது. அவர் உடம்பில் அவர் சொன்னபடி கேட்டது இடது கால் ஒன்றுதான். ஐந்து வயதில் சகோதரியின் கையிலிருந்த சாக்பீஸைக் கால் விரல்களால் பிடுங்கி ‘ஏ’ என்ற எழுத்தை எழுதினார். பிறகு அந்தக் காலால் ஓவியம் தீட்டினார். 1954-இல் வெளிவந்த ‘மை லெஃப்ட் ஃபுட்’ அவருடைய தன்வரலாறு. இளைஞனாகச் சிகிச்சைக்குப் போனபோது, லண்டனில் அவரைப் பரிசோதித்த ஐரீன் காலிஸ், இடது காலைப் பயன்படுத்துவதையே விட்டுவிட வேண்டும் என்றார். அந்த ஒரு கால் உழைக்கும்போதெல்லாம் மீதி உடம்பு முழுதும் முறுக்கேறுகிறது, அந்த முறுக்கு இருக்கும்வரை மற்ற உறுப்புகள் தேறாது என்பது காரணம்.

மருத்துவக் கண்ணில் அது சரியான கவனிப்புதான். ஓர் உறுப்பின் முயற்சி உடம்பெங்கும் வழிந்து பரவுவது சி.பி.யில் இயல்பு. பிரவுனும் இணங்கினார், காலை மூடி வைத்தார், சொல்லச் சொல்ல மற்றவர்களை எழுத வைத்தார். ஆனால் அந்தக் காலில்தான் அவருடைய எழுத்து இருந்தது. தவிப்பு தாங்காமல் ஒரு நாள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மீண்டும் காலால் எழுத உட்கார்ந்தார். உடம்பு நேராவது முக்கியமா, சொல்ல வந்ததைச் சொல்வது முக்கியமா என்று அவரை யாரும் முதலில் கேட்கவில்லை.

அந்தக் காலத்துச் சிகிச்சையின் நோக்கமே வேறாக இருந்தது. ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குத் தப்பி வந்த பெர்டா போபத்தும் அவர் கணவர் காரெலும் 1940-களிலிருந்து வளர்த்தெடுத்த முறை உலகெங்கும் பரவியது. தவறான அசைவை அடக்கி, சரியான அசைவைத் தெரபிஸ்ட் தன் கைகளால் உணர்த்த வேண்டும் என்பது அதன் அடிநாதம். பிள்ளையின் உடம்பை மதித்துத் தொடக் கற்றுக்கொடுத்த தலைமுறை அது. அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் பிறர் கை அசைத்து வரும் அசைவை மூளை தனதாக்கிக்கொள்வதில்லை. தானே முயன்று, தவறி, தனக்கு வேண்டிய ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் கற்கிறது என்பதே அண்மைய ஆய்வுத் தொகுப்புகளின் தீர்ப்பு. சட்டைப் பொத்தான் போடப் பழக வேண்டுமானால் பொத்தானைத்தான் போட்டுப் பழக வேண்டும்.

இன்னொரு நம்பிக்கையும் உடைந்தது. விறைத்த தசைக்கு எடைப் பயிற்சி தந்தால் விறைப்பு கூடும் என்று அஞ்சி, பிள்ளைகளை அதிலிருந்து விலக்கியே வைத்திருந்தார்கள். 1990-களில் அமெரிக்காவின் டயேன் டாமியானோ, முழங்கால் மடங்கிய நிலையில் நடக்கும் பிள்ளைகளுக்குத் தொடைத் தசைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். தசை வலுத்தது. நடையும் நிமிர்ந்தது. விறைப்புக்கு அடியில் பலவீனம் ஒளிந்திருந்ததை அதுவரை பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

பெற்றோரின் முதல் கேள்வி எங்கும் ஒன்றுதான்: “நடப்பானா?” இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல ஒரு கருவி 1997-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ராபர்ட் பலிசானோவும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய ஐந்து படி வரிசை அது. ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று எல்லா மையங்களிலும் வழங்குகிறது. முதல் படியில் உள்ள பிள்ளை ஓடும், ஏறும், சமநிலை மட்டும் சற்றுத் தடுமாறும். மூன்றாம் படியினர் வாக்கர் பிடித்து நடப்பர். ஐந்தாம் படியினருக்குத் தலையையும் உடலையும் நிறுத்துவதே கடினம். படிகளைப் பிரிப்பது உடம்பைத் தாங்கும் திறன்தான் என்பது உற்றுப் பார்த்தால் தெரியும். ஒண்டாரியோ மாநிலத்தின் 657 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியான ஆய்வின்படி, ஒவ்வொரு படியிலும் பிள்ளை எட்டக்கூடிய இயக்கத் திறனில் 90 விழுக்காடு ஐந்து வயதுக்குள் வந்துவிடுகிறது. இரண்டு வயதுக்குள் தனியாக உட்காரப் பழகிய பிள்ளைக்குப் பின்னால் நடை வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் நெடுநாளாகத் தெரிந்தது.

இந்தத் தகவலைத் தவறாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஐந்து வயதோடு எல்லாம் முடிந்தது என்று கை கழுவிவிடுகிறார்கள். அதே பிள்ளைகளை 21 வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வந்தது. முதல் இரண்டு படிகளில் இருந்தவர்கள் பெற்ற திறனை இழக்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்தாம் படிகளில் இருந்தவர்கள் ஏழெட்டு வயதில் உச்சியைத் தொட்டுவிட்டு, பிறகு மெல்ல இறங்கினார்கள். மூளைப் பாதிப்பு பெருகாது என்று படித்த பெற்றோருக்கு இந்த இறக்கம் பேரிடியாக வருகிறது. “போன வருஷம் வரைக்கும் செவுத்தப் புடிச்சு நடந்தானே” என்பார்கள்.

என்ன நடக்கிறது என்றால், பதின்ம வயதில் எலும்பு ஓட்டமாக வளர்கிறது. சி.பி. உள்ள தசை அந்த வேகத்துக்கு நீள்வதில்லை. தசையைப் புதிதாகக் கட்டும் செல்களே அதில் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. முழங்கால் பின்புறத் தசை வில் நாண் போல இழுக்க, முழங்கால் முழுதும் நீளாமல் மடங்கியே நிற்கிறது. மடங்கிய முழங்காலில் நிற்பது எவ்வளவு கடினம் என்பது தோப்புக்கரணம் போட்ட எவருக்கும் தெரியும். அரைவாசி உட்கார்ந்த நிலையிலேயே பள்ளி வராந்தா முழுக்க நடப்பதாக எண்ணிப் பார்க்கலாம். உடம்பின் எடையும் இந்த வயதில்தான் ஏறுகிறது. சி.பி. உள்ளவர்கள் நடக்கச் செலவிடும் ஆற்றல், மற்றவர்களைப்போல இருமடங்கு, மும்மடங்கு வரை போகிறது. வகுப்பறைக்கு வந்து சேர்வதிலேயே காலை நேரத்துச் சக்தி தீர்ந்துபோன பையன், முதல் பாடத்தில் தூங்கி வழிந்தால் அவனைச் சோம்பேறி என்பது அநியாயம்.

கவனமும் செலவாகிறது. நடத்துநரின் இடுப்பு யோசிக்காமல் செய்வதை, இவர்கள் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. நடந்துகொண்டே மனக்கணக்குப் போடச் சொன்னால் நடை தளரும், அல்லது கணக்கு தடுமாறும். தோழிகள் பேசிச் சிரித்துக்கொண்டு நடக்கும்போது, ஒரு பெண் மட்டும் தலை குனிந்து தரையைப் பார்த்தபடி மௌனமாக வருகிறாள் என்றால், அவள் கூச்சக்காரி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பேசினால் விழுந்துவிடுவாள். பின்னால் ஒரு ஹார்ன் ஒலித்தால் உடம்பு முழுதும் தூக்கிவாரிப்போடும் பிள்ளைக்குச் சாலையோரம் தினமும் ஒரு சோதனை.

இடுப்பு மூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தசைகள் சமமின்றி இழுப்பதால் தொடை எலும்பின் தலை, குழியிலிருந்து மெல்ல வெளியே நழுவுகிறது. முதலில் வலியே இருக்காது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2006-இல் வெளியான கணக்கில், சி.பி. உள்ள பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேலாக இந்த நழுவல் இருந்தது. முதல் படியில் யாருக்கும் இல்லை, ஐந்தாம் படியில் 90 விழுக்காட்டினருக்கு இருந்தது. ஸ்வீடன் நாட்டவர் இதற்கு 1994-இலேயே வழி கண்டார்கள். நாட்டின் தென்பகுதியில் எல்லா சி.பி. பிள்ளைகளையும் பதிவு செய்து, குறித்த கால இடைவெளியில் எக்ஸ்-ரே எடுத்து, நழுவத் தொடங்கும்போதே தடுத்தார்கள். பத்தில் ஒருவர் அளவில் இருந்த மூட்டு விலகல், இருபது ஆண்டுகளில் நூற்றில் ஒருவருக்கும் கீழே இறங்கியது. இதற்குத் தேவைப்பட்டது ஒரு பதிவேடும், எக்ஸ்-ரே இயந்திரமும், விடாப்பிடியும். நம் மாவட்ட மருத்துவமனைகளில் எக்ஸ்-ரே இயந்திரம் இருக்கிறது.

அறுவை சிகிச்சையும் மாறியிருக்கிறது. ஒரு வருடம் குதிகால் தசைநாண், மறுவருடம் தொடை, அதற்கடுத்து இடுப்பு என்று பிள்ளையின் பிறந்தநாள்கள் மருத்துவமனையிலேயே கழிவதைக் கண்ட கனடா அறுவை மருத்துவர் மெர்சர் ராங், அதைப் ‘பிறந்தநாள் நோய்’ என்று வருந்தி அழைத்தார். இப்போது நடையைக் கேமராக்களால் பகுத்தறிந்து, தேவையான திருத்தங்களை ஒரே முறையில் செய்துவிடப் பார்க்கிறார்கள். ஊசி, மருந்து, காலிப்பர் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. எதுவும் தனியாக நின்று வேலை செய்வதில்லை.

நாற்காலிதான் இந்த விஷயத்தில் மிகவும் அலட்சியப்படுத்தப்பட்ட மருந்து. முதுகுச் சாய்வில்லாத பள்ளி பெஞ்சில், கால் தரையில் எட்டாமல் தொங்க, உட்கார்ந்திருக்கும் சி.பி. பிள்ளை இரண்டு கைகளாலும் பலகையைப் பற்றிக்கொண்டிருக்கும். இன்னும் செங்கீரையிலேயே இருக்கிறது அது. எழுது என்றால் எந்தக் கையால் எழுதும்? பாதத்துக்கு அடியில் ஒரு கட்டை, இடுப்பு முன்னால் வழுக்காமல் ஒரு பெல்ட், பக்கவாட்டில் சிறு தாங்கல், முழங்கை வைக்க வயிற்றுப்பக்கம் குடைந்த மேசை. இவ்வளவு செய்ததும் கை அவிழ்ந்து பென்சிலைத் தேடுவதைத் தெரபிஸ்டுகள் அடிக்கடி பார்க்கிறார்கள். கழுத்து நிமிர்ந்தால் விழுங்குவது எளிதாகிறது, மூச்சு நீள்கிறது, குரலும் எழும்புகிறது.

இதற்குக் காசு ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை என்பதை ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் காட்டினார். பழைய செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் மாவுப் பசையும் கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் உடம்புக்கும் அளவெடுத்து உறுதியான நாற்காலிகள் செய்யும் முறை அவருடையது. பல ஏழை நாடுகளுக்கு அது பரவியது. பிள்ளை வளர்ந்தால் புதிதாக ஒன்று ஒட்டிக்கொள்ளலாம்.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கத்தின் பணியும் இந்த வகையில் சேரும். கடற்படைத் தேர்வின்போது 1975-இல் தண்டுவடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய், பிள்ளையின் தாயோடும் பாட்டியோடும் உட்கார்ந்து, குளிக்க வைப்பது, ஊட்டுவது, தூக்குவது என்ற அன்றாட வேலைகளுக்குள்ளேயே பயிற்சியை நுழைக்கிறார்கள். தெரபிஸ்டுகள் செல்பேசிச் செயலி வழியாக அவர்களுக்குத் துணை நிற்கிறார்கள். வாரம் ஒரு நாள் பேருந்து ஏறி நகரத்து மையத்துக்குப் போய் அரை மணி நேரம் செய்வதைவிட, ஒரு நாளைக்கு மூன்று வேளை ஊட்டும்போது சரியாக உட்கார வைப்பது எத்தனையோ மடங்கு பயிற்சி. சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய வித்யாசாகர் போன்ற அமைப்புகள் பள்ளியையும் உரிமையையும் இதோடு சேர்த்துப் பேசின. இன்று மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தரும் மத்திய அரசு நெறிமுறை இருக்கிறது. உடம்பைத் தாங்குவதற்கு நேரம் செலவாகிறது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

மும்பையில் சி.பி.யுடன் வளர்ந்த மாலினி சிப், தன் வாழ்க்கையை ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’ என்ற நூலாக 2010-இல் வெளியிட்டார். தலைப்பு சொல்வது உண்மை. ஒரு சிறு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி எழுதிய நூல். அவருக்காகவே அவர் தாய் மிது ஆலூர் 1972-இல் நாட்டின் முதல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். மகள் மும்பையில் பட்டம் பெற்று, லண்டனில் முதுகலையும் படித்தார். மின்சார சக்கர நாற்காலியும் சரிவுள்ள நடைபாதைகளும் கிடைத்தபோதுதான் யார் துணையுமின்றி வெளியே போகும் சுதந்திரத்தை அவர் அறிந்தார். நடந்திருந்தால் அந்தச் சுதந்திரம் வந்திருக்காது. உட்கார்ந்ததால் வந்தது.

பல இளைஞர்களும் இதைத் தாங்களே கண்டுகொள்கிறார்கள். வீட்டுக்குள் வாக்கர், கல்லூரி வளாகத்தில் சக்கர நாற்காலி என்று பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். பெற்றோர் இதைத் தோல்வியாக எண்ணிக் கண்கலங்குவதுண்டு. மேலே சொன்ன ஐந்து படி வரிசையை 2007-இல் 12 முதல் 18 வயது வரை நீட்டித்தபோது, எப்படிப் போய்வருவது என்பதில் சூழலும் அந்த இளைஞரின் விருப்பமும் கணக்கில் வரும் என்று அதை வகுத்தவர்களே எழுதிவைத்தார்கள். மிச்சமான சக்தியில் ஒரு புத்தகம் படிக்கலாம், ஒரு நண்பனோடு சண்டை போடலாம். அதே 2007-இல் ஏழு ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்த ஓர் ஆய்வில், சி.பி. உள்ள 500 பிள்ளைகள் தாங்களே பதில் சொன்னார்கள். 8 முதல் 12 வயதினரான அவர்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தந்த மதிப்பு, பெரும்பாலான அம்சங்களில் மற்றப் பிள்ளைகளுடையதற்குக் குறைவாக இல்லை. குறைத்தது வலி. அந்த வலியைப் பற்றி வெளிப்படையாகக் கேட்கும் வழக்கம் இன்னும் பல கிளினிக்குகளில் வரவில்லை.

விளையாட்டு மைதானத்தில் இவை எல்லாம் ஒன்றாகத் தெரியும். டென்மார்க்கில் 1990-களின் தொடக்கத்தில் உருவான ஃப்ரேம் ரன்னிங் வண்டிக்கு மூன்று சக்கரங்கள் உண்டு, பெடல் கிடையாது. இருக்கையும் மார்புத் தாங்கலும் உடம்பை ஏற்றுக்கொள்ள, கால்கள் தரையை உதைத்து ஓடும். தனியாக நிற்க முடியாதவர்கள் அதில் மூச்சு வாங்க ஓடுகிறார்கள், பலர் வாழ்நாளில் முதன்முறையாக.

போச்சா இன்னும் அமைதியானது. கடுமையான சி.பி. உள்ளவர்களுக்காக உருவாகி, 1984 முதல் பாராலிம்பிக்கில் ஆடப்படுகிறது. ஒலிம்பிக்கில் அதற்கு இணை கிடையாது. வெள்ளைப் பந்துக்கு அருகில் ஆறு சிவப்புப் பந்துகளையும் ஆறு நீலப் பந்துகளையும் கொண்டுசேர்க்கும் போட்டி. கையால் எறிய முடியாதவர்கள் சரிவுப்பலகை வழியாகப் பந்தை உருட்டலாம். நெற்றியில் கட்டிய குச்சியால் பந்தைத் தள்ளிவிடுபவர்களும் உண்டு. சக்கர நாற்காலியில் தோளும் இடுப்பும் அசையாமல் பொருந்தியிருக்க, கழுத்து ஒன்றே குறிபார்க்கிறது. பலகையைத் திருப்பவும் உயர்த்தவும் ஓர் உதவியாளர் இருப்பார். விதிப்படி அவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. வீரர் கண்ணாலும் தலையசைப்பாலும் சொல்வதை மட்டும் செய்கிறார்: இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், சற்று உயரே, போதும். பந்து சரிவில் இறங்கி உருண்டு போகிறது. அது எங்கே போய் நின்றது என்பதை வீரர்தான் பார்க்கிறார்.